மே மாத உறைபனியும் மிளகாய்க் கன்றும்

ரொறன்ரோவில மே மாதப் பகல் 18 பாகை காட்டினாலும் இரவை நம்பேலாது. வானம் வெளிச்சு, காற்றும் அடங்கினால் நிலத்துச் சூடு மேலே போயிடும். வானிலை அறிக்கையில வாற வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில அளக்கிறது. அதில 2 பாகை எண்டால் புல்லுமட்டத்தில உறைபனி பிடிக்கலாம். முகில் மூடின இரவுக்கு அவ்வளவு பயமில்லை.

உறைபனி வரும்போல இருந்தால் பகல்லயே மண்ணை நனைச்சு விடுங்கோ, ஈரமண் கூடச் சூடு பிடிக்கும். பொழுதுபட முதல் கன்றுகளைப் பழைய படுக்கைவிரிப்பால மூடி, விளிம்பை நிலத்தில முட்டவிட்டுக் கல்லு வையுங்கோ. சிலர் தண்டோட சேர்த்துச் சுத்திக் கட்டுவினம். அப்ப மண்ணின்ர சூடு உள்ளே வராது, மூடியும் பிரயோசனமில்லை. பிளாஸ்டிக் எண்டால் இலையில முட்டக்கூடாது, முட்டின இடம் கருகும். விடிய வெயில் ஏறினதும் எடுத்துவிடவேணும்.

 

பிறகு சூடு ஏறுதெண்டு மிளகாய், கத்தரியை ஓடிப்போய் நடாதேங்கோ. மே 25க்கு முந்தின திங்களில வாற விக்டோரியா நாள் விடுமுறையோட நடுறது வெறும் வழக்கம்தான். இரவு 10 பாகைக்குக் கீழ இறங்காததுதான் கணக்கு. அதுவரைக்கும் கன்றை வெளியில பழக்குங்கோ: முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். பட்டாணியும் ஸ்பினாச் எண்ட பசளிக்கீரையும் ஏப்ரல்லயே போடலாம், லேசான உறைபனி அதுகளை ஒண்டும் செய்யாது.