யாழ்ப்பாண வெயிலிலும் விட்டமின் டி குறையும்

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் என்ற சத்திரசிகிச்சை செய்த என் மச்சாள் இப்போது பிள்ளைத்தாச்சி. இரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி நல்லாக் குறைவு. "இந்த வெயிலுக்கை திரியிறவளுக்கு என்னெண்டு குறையும்?" என்று மாமிக்கு ஒரே கவலை.

அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் போவதால், கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும் டி உடம்பில் சரியாகச் சேராது. வழமையான அளவுக் குளிசை போதாமல் போகலாம். இரத்த அளவைப் பார்த்து டொக்டர்தான் கூட்ட வேண்டும். கல்சியம் என்றால் சிட்ரேட் வகை நல்லது, அதற்கு இரைப்பை அமிலம் அவ்வளவு தேவையில்லை. இரும்புக் குளிசைக்கும் அதற்கும் 2 மணித்தியால இடைவெளி வேண்டும். மச்சாள் குளிசைப் பெட்டியிலேயே பேனையால் நேரம் எழுதி வைத்திருக்கிறாள்.

அன்பாக மீன் ஈரல் எண்ணெய் கொண்டுவந்து கொடுக்கிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். அதில் விட்டமின் ஏ அதிகம், கூடினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.