மேல்காதும் புல்லாக்கும்: குத்தும் முன் பார்க்க வேண்டியவை

ஹீலிக்ஸ் (மேல்காதின் விளிம்பு), செப்டம் (மூக்கின் நடுச்சுவர்) குத்த வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதுசு. அவர்களுடைய பாட்டிமாருக்கு அப்படியில்லை. மேல்காதில் முருகும் கொப்பும், கீழே பாம்படமும், மூக்கின் நடுவில் புல்லாக்கும் தொங்கிய ஊர்கள்தானே இவை! ஊசியும் உலோகமும் மாறியிருக்கின்றன, காது மாறவில்லை.

காதுச்சோணை வெறும் சதை. இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்திய மெல்லிய உறைதான் ஊட்டம் கொடுக்கிறது. அதனால் ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பிடிக்கும். காது குத்தும் கன் (துப்பாக்கி போன்ற கருவி) வைத்து அடிப்பது அங்கே ஏன் கூடாது என்பதும் இதில்தான் இருக்கிறது. மழுங்கிய கம்மல் முனை ஸ்பிரிங் வேகத்தில் இடித்து ஏறும்போது குருத்தெலும்பு நசுங்கும், உறை பிரியும். பிளாஸ்டிக் கன்னை, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் வைக்க முடியாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், உள்ளே துளையுள்ள ஊசியைக் கேளுங்கள். ஹீலிக்ஸ், ட்ரேகஸ் (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு), காஞ்ச் (காதின் உட்குழி) மூன்றுக்கும் வழக்கமாக 16 கேஜ், அதாவது 1.2 மி.மீ. தடிமன்.

இரண்டு துளையை ஒரே கம்பியால் இணைக்கும் இண்டஸ்ட்ரியல் எல்லாக் காதுக்கும் ஒத்துவராது. விளிம்பு மடிப்பு தட்டையாக இருந்தாலோ, நடுவில் மேடு இருந்தாலோ கம்பி அழுத்திப் புண்ணாக்கும். டேத் (காதுத் துளைக்கு மேலே உள்ள உள்மடிப்பு) குத்தினால் ஒற்றைத் தலைவலி போகும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்கு நிரூபணம் கிடையாது. அழகுக்கென்றால் குத்திக்கொள்ளுங்கள்.

செப்டத்துக்கு எலும்பையோ குருத்தெலும்பையோ துளைக்க வேண்டியதில்லை. மூக்கின் நடுச்சுவரை இரு விரலால் பிடித்து மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். நுனியில் தடித்த சதை, மேலே விறைப்பான பகுதி, இரண்டுக்கும் இடையே காகிதம்போல் மெலிந்த ஓர் இடம். ஊசி அங்கேதான் போக வேண்டும். சரியான இடமென்றால் கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். ரொம்ப நேரம் விண்ணென்று வலித்தால் இடம் தவறியிருக்கலாம். நடுச்சுவர் கோணலாக இருப்பவர்களுக்கு வளையமும் கோணலாகத்தான் நிற்கும்.

முதல் நாளே தங்கத் திருகாணி போட்டு இறுக்குவது நம் பக்கத்து வழக்கம். அதில் இரண்டு கேடு. திருகு மரையில் சீழும் சலமும் காய்ந்து ஒட்டும். அதை உருவும்போது உள்ளே புதிதாக வளர்ந்த தோல் கிழியும். வீக்கம் வந்ததும் இறுக்கிய சுரை சதைக்குள் புதையும். வழவழப்பான, இம்ப்ளான்ட் தர (உடலுக்குள் பொருத்தத் தகுந்த) டைட்டானியம் போடுங்கள். ஹீலிக்ஸுக்கு முதலில் 8 மி.மீ. நீளம், வீக்கம் வடிந்தபின் 6. நீளக் கம்பியை அப்படியே விட்டால் ஆடி ஆடித் துளை சாயும். கவரிங் நகையில் நிக்கல் இருக்கலாம், ஆறும்வரை தொட வேண்டாம்.

கழுவ 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) போதும், மருந்துக்கடையில் பாட்டிலாகக் கிடைக்கும். கடலில் முங்கினால் புண் ஆறும் என்பார்கள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், சலைனைப் போல நாலு மடங்குக்குக் கிட்ட. கூடவே மணலும் கிருமியும். முட்டம் கடற்கரையோ திற்பரப்பு அருவியோ, ஊர்க்குளமோ, ஆறும்வரை தலை முங்க வேண்டாம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அப்பினால் துளை அடைபடும். துவர்த்தால் (துண்டால்) துடைத்தால் நூல் மாட்டி இழுக்கும். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஹீலிக்ஸ் மாட்டுவது அடிக்கடி நடப்பது. பட்டையை முழுக்க அவிழ்த்து, இருபக்கமும் விரித்துப் பிடித்துத் தூக்குங்கள்.

மேல்காது சிவந்து, கொதித்து, தொட்டாலே உயிர் போகிறது, ஆனால் சோணை மட்டும் சாதாரணமாக இருக்கிறது என்றால் அது குருத்தெலும்பு உறையில் தொற்று. பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமி. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் அமாக்ஸிசிலின் அதைத் தொடாது. தாமதித்தால் மடல் சுருங்கி உருக்குலையும். நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள், துளை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். கழற்றலாமா என்பதை அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.