டிரவுட்டுக்கு இடமில்லையாம்!

பேஸ்பால் மேதைகளின் வரிசையில் மைக் டிரவுட்டைச் சேர்க்கவே கூடாது என்று நேற்றிரவு என் மைத்துனருக்கு ஒரே பிடிவாதம். பிளேஆஃபில் (பருவ முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றில்) டிரவுட் ஆடியது 2014இல் மூன்றே ஆட்டங்கள், அடித்தது ஒரே ஒரு ஹிட் என்கிறார். (அது ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் தளங்களை எல்லாம் சுற்றிவரும் அடி, என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்.) அவரது ஏஞ்சல்ஸ் அணி தேறவில்லை என்றால் டிரவுட் என்ன செய்வார்? 2014, 2016, 2019 என மூன்று முறை அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கியவர் ஐயா அவர்!

டிரவுட்டின் ஆட்ட வாழ்வின் பிற்பாதியைக் காயங்கள் தின்றுவிட்டன, உண்மைதான். ஆனால் பந்துவீச்சாளர் சாண்டி கோஃபாக்ஸும் கைவலியால் 30 வயதில் ஒதுங்கியவர், வெற்றிகள் 165தான். 1972இல் கூப்பர்ஸ்டவுன் (பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கும் ஊர்) அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லையா?

இன்னொரு நட்சத்திரமான ஷோஹெய் ஒதானியைப் பற்றி வாதமே எழவில்லை. ஒரே பருவத்தில் 54 ஹோம் ரன், 59 தளத்திருட்டு. போதாக்குறைக்குப் பந்தும் வீசுகிறவர்.

பந்துவீச்சாளர் ஜேக்கப் டிகுரோம் பேச்சை எடுப்பதற்குள் தோசை ஆறிவிட்டது.