நாடு விட்டு நாடு வந்து சைக்கிளா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செயினுக்கு எண்ணெய் விட, சைக்கிளை வீட்டுக்குள் கொண்டு வந்து தலைகீழாக நிறுத்தியிருந்தேன். அதை மறந்துவிட்டு அம்மாவுடன் வீடியோவில் பேசப்போக, அம்மா கண்ணில் பட்டுவிட்டது.

"அது யாரு சைக்கிளு?"

"என்னோடதுதாம்மா. ஆபீசுக்கு இதுலதான் போறேன்."

பேச்சே இல்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அம்மாவுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"நாடு விட்டு நாடு போயி சைக்கிளாய்யா மிதிக்குத? அத்தைகிட்டல்லாம் சொல்லிராத."

நெதர்லாந்தில் ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம் என்றேன். என் மேலாளரும் சைக்கிளில்தான் வருகிறார் என்றேன். கடைசி அஸ்திரமாக, மார்க் ருட்டே பிரதமராக இருந்தபோது அரசரைப் பார்க்கவே சைக்கிளில் போனவர் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அவரு போவாரு. அவருக்கு யாரும் பொண்ணு பாக்கலியே."

அதற்குமேல் என்ன சொல்ல? எங்கள் வீட்டில் சைக்கிளுக்கு அடுத்தது டிவிஎஸ் 50, அதற்கு அடுத்தது அண்ணனின் பைக், அப்புறம் கார். ஏறுவதற்குத்தான் படி. நான் விமானம் ஏறிப் போய் முதல் படியில் இறங்கி நிற்கிறேன்.

ஐந்தோவனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வீடு ஸ்ட்ரைப் பக்கம், வேலை ஃபெல்ட்ஹோவனில். ஆறேழு கிலோமீட்டர். 120 யூரோவுக்கு வாங்கிய பழைய சைக்கிளில் கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். நமக்கோ சிக்னலில் நிற்கும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றி விளையாடும் பழக்கம். முதல் வாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்துவிட்டேன். சைக்கிள் செத்தாற்போல் நின்றது, நான் நிற்கவில்லை. பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி என்னைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. சிவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதை, தரையில் சுறாப்பல் மாதிரி வெள்ளை முக்கோணங்கள் தெரிந்தால் நின்று வழிவிடுவது, இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அபராதம், 2019 ஜூலையில் இருந்து. கேரியரில் ஆள் ஏற்றிப் போவதை மட்டும் இன்னும் வாய்பார்த்து நிற்கிறேன். கோட்டு போட்டவர் ஓட்ட, பின்னால் மனைவி ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டபடி போவார். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். ஊரில் டபுள்ஸ் போனதற்கு இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

காற்று என்றதும்தான் ஞாபகம். சைக்கிளில் எனக்குள்ள ஒரே தகராறு அதனோடுதான்.

வழியில் ஹோவன்ரிங் என்று ஒரு பாலம் இருக்கிறது. கார்கள் கீழே போக, சைக்கிள்காரர்களுக்கென்றே நாற்சந்திக்கு மேலே ஒரு வட்டத்தைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நடுவில் 70 மீட்டர் தூண், அதிலிருந்து இறங்கும் 24 கம்பிவடங்கள். 2012இல் திறந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதில் நின்று படம் எடுப்பார்கள். எனக்கு அங்கே படம் எடுக்கிற நிலைமை வாய்ப்பதில்லை. மேலே ஏறியதும் மூஞ்சியில் அறைகிற மாதிரி காற்று வரும். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். நான் போகவேண்டிய திசையும் தென்மேற்கு. காற்று பலமாக இருக்கும் நாளில் நிமிர்ந்து உட்கார்ந்தால் சைக்கிள் நகரவே நகராது. எழுபது வயதுப் பாட்டி ஒருவர் மோட்டார் சைக்கிளில், அதாவது மின்சார சைக்கிளில், "ஹோய்" என்று வணக்கம் சொல்லிக் கடந்து போவார். சட்டப்படி 25 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் அந்த மோட்டார் உதவும். பாட்டிக்கு அது போதும்.

இந்த ஊர்க்காரர்கள் இதற்கும் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். புயல் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து, ஓஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பின் மேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சைக்கிளில், எதிர்காற்றிலேயே ஓட்டவேண்டும். தேசிய அளவில் நடத்துகிறார்கள். காசு கட்டி வந்து கஷ்டப்படுகிறார்கள்.

அப்பாவுக்கு அதில் மெடல் நிச்சயம்.

எங்கள் ஊர் காவல்கிணறு. அப்பா ஆரல்வாய்மொழியில் ஒரு செங்கல் சூளையில் கணக்கு எழுதினார். கணவாய்க்குள் புகுந்து வரும் காற்றை அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டாம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆடி மாதத்தில் காலையில் மேற்கே போகிற அப்பாவுக்கு அது முழுக்க எதிரே. வேட்டியை மடித்துக் கட்டி, நுனியை அரைஞாணில் செருகிக்கொள்வார். இல்லாவிட்டால் வேட்டி பாய்மரமாகிவிடும். லீவு நாளில் என்னைப் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். "தலையைக் குனிஞ்சுக்கோ" என்பார். அவருடைய தாடை என் உச்சந்தலையில் இடிக்கும். மூச்சு சூடாகக் காதில் விழும். வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஏதாவது முன்னால் போனால் அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்வார். சட்டென்று காற்று நின்றுபோகும். வைக்கோல் வாசம் மட்டும் இருக்கும். வண்டி எங்கேயாவது திரும்பும்வரைக்கும் அப்பா பேசிக்கொண்டே வருவார். திரும்பியதும் பேச்சு நின்றுவிடும்.

டிவிஎஸ் 50 வாங்கிய பிறகும் அவர் குனிந்தேதான் ஓட்டினார்.

இங்கே வைக்கோல் வண்டிக்கு எங்கே போவது? முன்னால் மரப்பெட்டி வைத்து அதில் பிள்ளைகளை ஏற்றிப் போகும் அகலமான சைக்கிள்கள் உண்டு. பிப்ரவரியில் ஒரு காலை அப்படி ஒரு பெண்ணின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். சுகமாக இருந்தது. அவர் நான் முந்தப்போகிறேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். நானும் குறைத்தேன். இன்னும் குறைத்தார். நானும்தான். கடைசியில் நிறுத்திவிட்டுத் திரும்பி, "எதாவது வேண்டுமா?" என்று கேட்டார். "காற்று" என்றேன், அதற்குமேல் டச்சு வரவில்லை. பெட்டிக்குள் இருந்த குழந்தை என்னைப் பார்த்துக் கையசைத்தது.

மின்சார சைக்கிள் வாங்கலாம்தான். 2,000 யூரோவுக்கு மேல். ஒன்றை ஓட்டியும் பார்த்தேன். காற்று இருப்பதே தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நேற்று அம்மா மறுபடி அழைத்தார். கல்யாணப் பேச்செல்லாம் முடிந்து, வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார்:

"அங்க காத்து எப்பிடி அடிக்கு?"

"போகும்போது எதுத்து. வரும்போது பின்னால."

மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றியது.

"அப்போ வெள்ளனே கிளம்பிருய்யா. வெயில் ஏறுனா காத்தும் ஏறிரும்."