கருட சேவைக்குக் காத்திருப்பவர்கள் சார்பில்

வைகாசி பிறந்தாலே காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் திருவிழாவிலிருந்து ஏதாவது ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பஞ்சகச்சம் கட்டிய பெரியவர்கள் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளுவார்கள். நடுவில் போலீஸ்காரர் ஒருவர் கையை விரித்துக்கொண்டு நிற்பார். "பெருமாளை வைத்துக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள் பார்" என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எனக்கே அனுப்பிவைத்துச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பெருமாள் வந்து சேர வேண்டிய இடத்தில் என் அம்மா விடிகாலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள், தறிக்கார வீடு. இருப்பது பெரிய காஞ்சிபுரம், அதாவது சிவ காஞ்சி. வரதராஜப் பெருமாள் இருப்பது சின்ன காஞ்சிபுரம், விஷ்ணு காஞ்சி. கொஞ்சம் தள்ளி திருப்பருத்திக்குன்றம், அது ஜின காஞ்சி. பௌத்தமும் ஒரு காலத்தில் இங்கே செழித்திருந்தது, மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்த ஊர் இதுதான். இத்தனை சமயங்கள் வாதாடிய ஊரில் இன்றைக்குப் போலீஸ் வரும் அளவுக்குப் போவது ஒரே பெருமாளை, ஒரே ராமானுஜரை, ஆழ்வார்கள் பாடிய ஒரே நாலாயிரத்தைக் கும்பிடும் வடகலை, தென்கலை என்ற இரண்டு வைணவப் பிரிவுகளின் சண்டை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திவ்யப் பிரபந்தம் சேவிப்பதற்கு முன் ஆசாரியரைப் போற்றித் தனியன் என்ற சுலோகம் சொல்வது வழக்கம். மணவாள மாமுனிகளைப் போற்றும் 'ஸ்ரீசைலேச தயாபாத்ரம்' தென்கலையார் சொல்வது. வேதாந்த தேசிகரைப் போற்றும் 'ராமானுஜ தயாபாத்ரம்' வடகலையார் சொல்வது. வரதர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் பரம்பரை உரிமையான அத்யாபக மிராசு தென்கலையாருக்கு என்பது பழைய தீர்ப்பு. தேசிகர் பிறந்த தூப்புல் இதே காஞ்சியில்தான் இருக்கிறது, அவர் ஊரிலேயே அவர் தனியனைச் சொல்லக் கூடாதா என்பது வடகலையாரின் மனக்குறை. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வழக்கு மேல் வழக்கு. 2022 மே மாதத்தில் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருக்கும்போதே உயர் நீதிமன்றம் வரை போனது.

இரண்டு பக்கத்து வருத்தமும் எனக்குப் புரிகிறது. தங்கள் ஆசாரியன் பெயரைச் சொல்லாமல் பெருமாள் முன் வாய் திறக்க மாட்டேன் என்பது பக்திதான். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கைங்கரியத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதும் பக்திதான். இதை வெறும் வீம்பு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கோயிலில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்ததில்லை. ஆனால் இந்த வழக்கில் மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கிறது. அது பெருமாள் வரும் வழியில் காத்து நிற்கும் நாங்கள்.

கருட சேவை பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். இருட்டு விலகுவதற்கு முன்பே பெருமாள் கோபுர வாசலுக்கு வந்துவிடுவார். அங்கே குடைகளை இறக்கி ஒரு கணம் அவரை மறைப்பார்கள். தொட்டையாச்சாரியார் சேவை என்று அதற்குப் பெயர். சோளிங்கரில் இருந்த அந்தப் பெரியவர் ஒரு வருஷம் கருட சேவைக்கு வர முடியாமல் அங்கேயே குளக்கரையில் நின்று அழுதாராம். அந்த நேரத்தில் இங்கே பெருமாள் மறைந்து, அங்கே போய் அவருக்குக் காட்சி கொடுத்தாராம். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இன்றைக்கும் குடை மறைக்கிறது. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குடை விலகியதும் எழும் "வரதா" என்ற குரலில் எந்தக் கலையும் கேட்காது.

அப்புறம் ஊர்வலம் பெரிய காஞ்சிபுரத்துக் கங்கைகொண்டான் மண்டபத்தை நோக்கிப் புறப்படும். பெருமாளுக்கு முன்னால் தமிழ் போகும், பின்னால் வேதம் வரும். ஸ்ரீபாதம்தாங்கிகள் ஆளுயரக் கருடனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரே தாளத்தில் அடி வைப்பார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தறி ஓடாது. அப்பா இருந்தவரை அது மாறாத விதி. பாவு பாதியில் நிற்கட்டும், முதலாளி கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்பார். வெளியூரிலிருந்து முதல் நாள் இரவே வந்து திண்ணையிலும் கடை வாசலிலும் படுத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பலருக்குத் தனியன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பெருமாள் வருவார், கும்பிட வேண்டும், அவ்வளவுதான்.

2019இல், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திமரப் பெருமாளான அத்தி வரதர் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினாரே, ஜூலை 1 முதல் 48 நாள், அப்போதும் இதே கூட்டம்தான், பல மடங்காக. 1979இல் பார்த்த பாட்டிமார்கள் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

இந்தச் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருக்கச்சி நம்பி நினைவுக்கு வருகிறார். பூவிருந்தவல்லிக்காரர், பிராமணர் அல்லர். வரதருக்கு ஆலவட்டம் வீசுவது அவர் கைங்கரியம். அவரிடம் பெருமாள் பேசுவார். ராமானுஜர் தம் ஐயங்களுக்கு இவர் மூலமாகத்தான் பெருமாளிடம் விடை கேட்டு வாங்கினார். நம்பி சாப்பிட்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்ண ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார் ராமானுஜர். தாம் இல்லாத நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட, மனைவி அந்த இடத்தைக் கழுவிவிட்டார் என்று தெரிந்து மனம் நொந்தார். இது குருபரம்பரைக் கதைகளில் உள்ளது, இரு கலையாரும் சொல்வதுதான். நாலாயிரத்தைப் பாடியவர்களிலும் நம்மாழ்வார் வேளாளர், திருமங்கையார் கள்ளர், திருப்பாணர் பாணர். அவர்கள் பாட்டுக்கு முன்னால் யார் பெயர் வர வேண்டும் என்று வழக்காடும் கோஷ்டியில் எங்கள் தெருக்காரர் ஒருவர்கூட நின்று நான் பார்த்ததில்லை. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1688 வாக்கில் ஔரங்கசீப்பின் படைக்கு அஞ்சி வரதரை ஊரைவிட்டே எடுத்துப் போனார்கள். பாடையில் பிணத்தைக் கொண்டுபோவதுபோல் வேஷமிட்டு உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டு சேர்த்ததாகச் சொல்வார்கள். ஆபத்து நீங்கிய பிறகு உடையார்பாளையத்து ஜமீன்தார் பெருமாளைத் தர மறுத்தார். ஆத்தான் ஜீயர் என்ற துறவி லாலா தோடர்மல்லிடம் போய் நின்றார். அந்தப் படைத்தலைவர் தலையிட்ட பின்தான் 1710இல் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பினார். கோயிலில் கல்வெட்டு இருக்கிறது, தோடர்மல் சிலையும் இருக்கிறது. அந்த வருஷங்களில் இந்த ஊரில் ஒரு கலையாருக்கும் பெருமாள் இல்லை. வரதர் இல்லாத காஞ்சியில் கருட சேவை நாள் எப்படி விடிந்திருக்கும்! இரு தரப்பாரும் அந்தக் கல்வெட்டின் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

தனியன் விஷயத்தில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. இரண்டையும் நான் கைகூப்பித்தான் கேட்பேன். தேசிகரும் வேண்டும், மாமுனிகளும் வேண்டும். எது முதலில், யார் குரலில் என்பதையெல்லாம் நீதிமன்றத்திலோ மடத்திலோ உட்கார்ந்து முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு வருஷத்தில் மற்ற நாட்கள் இருக்கின்றன. கருட சேவை அன்று மட்டும் பெருமாளை நடுவீதியில் நிறுத்திவைக்காதீர்கள். வெயில் ஏறுவதற்குள் அவர் மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, முன்னைப்போல் அவரால் நிற்க முடிவதில்லை. ஸ்டூல் கொண்டுவருகிறேன் என்றால், பெருமாள் வரும்போது உட்காரக் கூடாது என்கிறார்.