வெட்ட ஏதாவது இருக்கிறதா?

புதிதாக வாங்கிய மடக்குக் கத்தி 50 கிராம் சொச்சம்தான். ஒரு செல்போன் எடைக்கு இதுபோல மூன்று நான்கு வைக்கலாம். பாக்கெட்டில் இருக்கிற சுவடே தெரியாது, அதனால் இருக்கிறதா என்று நிமிஷத்துக்கொரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எடை மிச்சம், கைக்குத்தான் வேலை கூடிவிட்டது.

சூட்சுமம் பிடியில் இருக்கிறது. வழக்கமாகப் பிடிக்குள் இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைப்பார்கள். இதில் கண்ணாடி இழை கலந்த நைலான்தான் பிடி. ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக ஒரு தகடு, விரித்த பிளேடு தானாக மடங்காமல் பிடிக்கிற லாக்கும் அதுவே. இறுக்கிப் பிடித்தால் லேசாக வளைகிற மாதிரி இருக்கும், ஆனால் வெட்டும்போது அசையவில்லை. அப்பா கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக்காடா?” என்றார். நான் ஒன்றும் பேசாமல் ஒரு தாளை அந்தரத்தில் பிடித்து பிளேடை இழுத்தேன். சத்தமே இல்லாமல் தாள் இரண்டானது.

“தாளைக் கிழிக்கக் கத்தி எதுக்கு? கை போதுமே.”

ஒரே கையால் விரிப்பதில்தான் எனக்குக் கிறுக்கு. பிளேடில் கட்டைவிரல் வைக்க வட்டமாக ஒரு துளை. ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981இல் இப்படித் துளையும், பாக்கெட்டில் மாட்ட ஒரு கிளிப்பும் வைத்துக் கத்தி கொண்டுவந்தது. அப்புறம் கிளிப் இல்லாத கத்தியைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. விரித்தால் ‘டிக்’. அந்தச் சத்தத்துக்காகவே டிவி முன்னால் உட்கார்ந்து விரித்து மூடி, விரித்து மூடி... “அதை வைக்கிறாயா, இல்லை ஜன்னல் வழியாகப் போகட்டுமா?” என்று அம்மா கேட்கும்வரை ஓடும். மூடுவதில் மட்டும் விளையாட்டு கிடையாது. உள்ளே இருக்கிற தகட்டைக் கட்டைவிரலால் ஓரமாகத் தள்ளினால்தான் லாக் விடும், பிளேடு வந்து அமரும் வழியிலேயே அந்த விரலும் நிற்கும். தகடு நகர்ந்து பிளேடு கொஞ்சம் மடங்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் பழகிய பிறகுதான் டிவி பக்கம் போனேன்.

எல்லாம் சரி, வெட்ட ஏதாவது வேண்டுமே. சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலையெல்லாம் முதல் நாளே தீர்த்தாயிற்று. வீட்டில் யார் புதுத்துணி வாங்கினாலும் விலைச்சீட்டைக் கழற்ற நானே முன்னால் போய் நின்றேன். ஒருவழியாக ஒரு பார்சல் வந்தது. பெரிய அட்டைப்பெட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் டேப். மேஜைமேல் வைத்து, டேப் எந்தப் பக்கம் தொடங்குகிறது, உள்ளே இருப்பதன்மேல் முனை படாமல் எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்று யோசித்து, கத்தியை எடுத்து, ‘டிக்’. அதற்குள் தங்கை வண்டிச் சாவியால் ஒரு கீறு கீறிப் பெட்டியைத் திறந்துவிட்டாள். “என்னண்ணா, கத்தியோடு நிற்கிறாய்?”

இன்னொன்று. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது என்பது இதன் பெருமைதான், விமான நிலையத்தில் அதுவே வினை. கேபினுக்குள் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஊருக்கு ஊர் சட்டமும் வேறு. பிரிட்டனில் தகுந்த காரணமில்லாமல் வெளியில் கொண்டுபோகலாம் என்றால், அது லாக் இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியாக இருக்க வேண்டும். என்னுடையதில் லாக் இருக்கிறது, அங்கே செல்லாது.

இப்போதைய கவலை இரவல். வீட்டில் ஒருவருக்கும் இதை வைத்து எதையும் வெட்டத் தோன்றாது, நெம்பத்தான் தோன்றும். இவ்வளவு மெல்லிய முனையால் நெம்பினால் முனை பட்டென்று ஒடியும். நேற்று அப்பா பெயிண்ட் டப்பாவும் கையுமாக வந்தார். “மூடி இறுகிப்போச்சு, அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடு.”

ஆபீஸிலேயே வைத்துவிட்டேன் என்றேன். அவர் என் பாக்கெட்டில் மாட்டியிருந்த கிளிப்பையே பார்த்துக்கொண்டு, “சரி, உன் ஆபீஸிலிருந்து எடுத்துக் கொடு” என்றார்.