குற்றிச்சிறாவின் மிஷ்கால் பள்ளி

கோழிக்கோடு போகிறவர்கள் மிட்டாய்த் தெருவில் அல்வா வாங்கி, கடற்கரையில் கொஞ்சம் உலாவிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் குற்றிச்சிறாவுக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். பழைய தறவாட்டு (கூட்டுக் குடும்ப) வீடுகள், நடுவே பெரிய குளம், குளக்கரை பெஞ்சுகளில் அரட்டையடிக்கும் பெரியவர்கள், அங்கே நிமிர்ந்து நிற்கும் மிஷ்கால் பள்ளி என்ற பழைய பள்ளிவாசல்.

குவிமாடம் கிடையாது, மினாரா கிடையாது. நான்கு அடுக்கு, மேலே போகப்போகக் குறுகும் ஓட்டுக்கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் கேரளக் கோயில் என்றே தோன்றும். மலபார் மழைக்கு எது தாங்குமோ அதைத்தான் உள்ளூர் ஆசாரிகள் கட்டியிருக்கிறார்கள்: மழைநீர் வழிந்தோட சரிவான கூரை, காற்று புகுந்து வர மேல்தளங்களில் மரச்சட்ட அடைப்பு. அனுமதி கேட்டு உள்ளே போனேன். வெளியே புழுக்கம், உள்ளே சட்டங்களின் இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. 24 தூண்கள், 47 கதவுகள் என்று சொல்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது செதுக்கு வேலை நிறைந்த மர மிம்பரின் (இமாம் நின்று உரையாற்றும் மேடை) முன்னால்தான்.

கட்டியவர் நகுதா மிஷ்கால், 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் வணிகர். அவருடைய செல்வத்தையும், சீனா, ஏமன் வரை ஓடிய கப்பல்களையும் மொராக்கோ பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். 1510இல் அல்புகெர்க்கின் போர்த்துகீசியப் படை நகரைத் தாக்கியபோது இந்தப் பள்ளிக்கும் தீ வைத்தது. எரிந்த தடம் மேல்தளத்தில் இன்னும் இருக்கிறதாம்.

என்னை உலுக்கியது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 1571இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் படை போர்த்துகீசியரின் சாலியம் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. அந்தக் கோட்டையின் மரங்களைக் கொண்டுவந்துதான் பள்ளியைச் சீரமைத்தார்கள். இந்து அரசர், முஸ்லிம் வணிகர்கள், ஒரே துறைமுகம், ஒரே எதிரி. மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறோமே, அது இங்கே உத்தரமாகவும் தூணாகவும் நிற்கிறது.

அப்படியே பக்கத்திலுள்ள முச்சுந்திப் பள்ளிக்கும் போய்விடுங்கள். சாமூதிரியின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஒரே கல்லில் அரபியும் வட்டெழுத்தும். தமிழ்க் கல்வெட்டுகளில் வட்டெழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் வரமாட்டார்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்; பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள்.